சுங்கச்சாவடி இடம் மாறுகிறது: இந்தியப் போட்டி ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கைபேசிச் செயலிக் கடைகள் வாங்கும் சுங்கத்தைப் பற்றி, நாமக்கல் மாவட்டம் குமாரபாளையத்திலிருந்து எழுதுகிறேன். காவிரியின் அந்தக் கரையில் பவானி, இந்தக் கரையில் நாங்கள். விசைத்தறிச் சத்தம் நின்றால்தான் இந்த ஊருக்குத் தூக்கம் கலையும். பகலில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன், இரவில் செயலி எழுதுகிறேன். என் செயலி செய்யும் வேலை சின்னது. எந்தத் தறியில் யார் எந்த ஷிப்டில் எத்தனை மீட்டர் ஓட்டினார், மீட்டருக்கு என்ன கூலி, வாங்கிய முன்பணத்தில் இந்த வாரம் எவ்வளவு கழிகிறது, சனிக்கிழமை கையில் எவ்வளவு கொடுக்க வேண்டும். முன்பு நீள நோட்டில் எழுதி, கூட்டலில் தகராறு வந்து, டீக்கடையில் தீர்த்துக்கொண்ட கணக்கு இது. இப்போது நூற்று நாற்பது தறிக்காரர்கள் இதைக் கைபேசியில் பார்க்கிறார்கள். வருடத்துக்கு ஒரு சிறு தொகை கொடுக்கிறார்கள், சிலர் கொடுப்பதில்லை.

இந்தச் செயலி எந்தக் கடையிலும் இல்லை. வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பாக, அதாவது கைபேசியில் நேரடியாக நிறுவிக்கொள்ளும் கோப்பாக, அனுப்புகிறேன். ஏன் பிளே ஸ்டோரில் போடவில்லை என்று கேட்பீர்கள். அங்கே கணக்குத் தொடங்க 25 டாலர்தான், அது ஒரு பொருட்டல்ல. ஆனால் 2023 நவம்பருக்குப் பிறகு தனிநபர் கணக்குத் தொடங்குபவர் தன் செயலியைப் பன்னிரண்டு பேரைக் கொண்டு பதினான்கு நாள் தொடர்ந்து சோதித்துக் காட்டிய பிறகே வெளியிட முடியும். முதலில் இருபது பேர் என்றிருந்தது, பிறகு குறைத்தார்கள். செயலியில் காசு வாங்கினால் வீட்டு முகவரி உலகத்துக்கே தெரியும். இவற்றையும் சமாளித்துவிடலாம். என் வாடிக்கையாளர்கள் பலருக்குத் தங்கள் கைபேசியில் இருக்கும் மின்னஞ்சல் எதுவென்றே தெரியாது. கடைப் பையன் போட்டுக் கொடுத்தது, கடவுச்சொல் அவனோடு போயிற்று. கூலி உயர்வு ஒப்பந்தமானால் அன்றைக்கு மாலைக்குள் புதுக் கணக்கு அவர்கள் கையில் இருக்க வேண்டும். அதற்கு ஏபிகே போதும், இதுவரை போதுமானதாக இருந்தது.

இனி அப்படி இருக்காது போலிருக்கிறது. 2025 ஆகஸ்டில் கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தன் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கைபேசிகளில், தன்னிடம் அடையாளத்தைப் பதிவு செய்யாத ஒருவர் எழுதிய செயலியை நிறுவ முடியாதபடி செய்யப் போகிறோம் என்றது. செயலி பிளே ஸ்டோரிலிருந்து வந்தாலும் சரி, இணையதளத்திலிருந்து வந்தாலும் சரி, வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி, இதே விதிதான். முதலில் 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. 2027 முதல் படிப்படியாக மற்ற நாடுகள், அதாவது நாம். எதிர்ப்பு கிளம்பியதும் நவம்பரில் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். மாணவருக்கும் பொழுதுபோக்காக எழுதுபவருக்கும் தனிக் கணக்கு உண்டு, விவரம் தெரிந்தவர்கள் எச்சரிக்கைகளைத் தாண்டி நிறுவிக்கொள்ள வேறொரு வழியும் உண்டு என்றார்கள். அந்த வழியில் எத்தனை எச்சரிக்கைப் பலகை நிற்கும் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தாலே, "தம்பி, என்னமோ செகப்பா வருதுங்க, வேண்டாமுங்க" என்று கைபேசியை நீட்டுபவர்கள் எங்கள் ஆட்கள். அவர்களுக்கு 'விவரம் தெரிந்தவர்களுக்கான வழி' என்பது மூடிய வழிதான்.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வாசலை நீங்கள் முன்பே பார்த்துவிட்டீர்கள். 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டீர்கள். பத்திரிகைகள் அபராதத் தொகையைத்தான் தலைப்பில் போட்டன. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டவை அந்த ஆணையின் கடைசியில் இருந்த கட்டளைகள். செயலி எழுதுபவர்கள் தங்கள் செயலியைக் கடைக்கு வெளியே நேரடியாகக் கொடுப்பதை எவ்விதத்திலும் தடுக்கக் கூடாது என்றீர்கள். வேறு செயலிக் கடைகளையும் பிளே ஸ்டோருக்குள்ளேயே வைக்க இடம் கொடுக்க வேண்டும் என்றீர்கள். 2023 மார்ச்சில் தேசியக் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே நிலைநிறுத்தி, கட்டளைகளில் நான்கை நீக்கிவிட்டது. நான் சொன்ன இரண்டும் அந்த நான்கில் அடக்கம். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அபராதம் கூடுமா குறையுமா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நீக்கப்பட்ட வரிகளைப் பற்றி யாரும் பேசக் காணோம். அன்றைக்கு நேரடியாக நிறுவுவதற்கு ஓர் எச்சரிக்கைதான் இருந்தது. இன்றைக்குப் பூட்டே வரப்போகிறது. உச்ச நீதிமன்றத்தில் உங்கள் வழக்கறிஞர் எழுந்து நிற்கும்போது, அந்த வரிகளின் மதிப்பு 2022-ல் இருந்ததைவிட இப்போது கூடியிருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். இந்த மடலின் முதல் வேண்டுகோள் இதுதான்.

கூகுள் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏபிகே என்றாலே இன்று ஊரில் பயம். போக்குவரத்து அபராதம், விவசாயிகள் உதவித்தொகை, வங்கிக் கணக்கு முடக்கம் என்று எத்தனை பெயரில் வருகிறது! என் சொந்த அத்தைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை ஏபிகேயாக வந்தது. யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியாமல் விட்டுவிடவும் மனசு வராது அல்லவா? திறந்தார். மறுநாள் காலையில் பால்காசு போட்டு வைத்திருந்த கணக்கில் முப்பத்தோராயிரம் ரூபாய் இல்லை. மூன்று மாதம் காவல் நிலையத்துக்கும் வங்கிக்குமாக நான்தான் அவரை வண்டியில் கூட்டிப் போனேன். ஆகவே, கடைக்கு வெளியிலிருந்து வரும் செயலிகளில்தான் நச்சு அதிகம் என்று கூகுள் சொல்லும்போது மறுத்துப் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் காவலுக்கு நிற்பதாகச் சொல்பவர் தன் சொந்த வாசலில் என்ன செய்தார் என்றும் கேட்க வேண்டும். உடனடிக் கடன் செயலிகள் பலவும் பிளே ஸ்டோரிலேயே இருந்தன. தொடர்பு எண்களையும் படங்களையும் உருவிக்கொண்டு, கடன் வாங்கியவரின் உறவினர்களுக்கெல்லாம் ஆபாசமாக அனுப்பி மிரட்டிய கும்பல்கள் அவற்றின் பின்னால் இருந்தன. 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை மட்டும் 2,200-க்கும் மேற்பட்ட கடன் செயலிகளைக் கூகுள் நீக்கியது என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. நீக்கியது நல்லதுதான். நீக்குவதற்கு முன் அவை கடையில் இருந்தன, கூகுளிடம் பதிவு செய்த கணக்குகளில் இருந்தன. பதிவேடு ஒன்று திருடனைத் தடுத்துவிடும் என்றால் அவை உள்ளேயே வந்திருக்கக் கூடாது. நானூறு ரூபாய்க்கு வேறொருவர் ஆதாரில் சிம் கார்டு வாங்குகிற ஊரில், பெயரும் முகவரியும் கேட்டால் கள்ளன் தன்னுடையதைக் கொடுக்கமாட்டான். சொந்தப் பெயரைக் கொடுப்பவன் என்னைப் போன்றவன்தான்.

சரி, அடையாளம் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அதை ஏன் ஒரே நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும்? போட்டியாளரும் அந்த நிறுவனமே, நடுவரும் அந்த நிறுவனமே, இப்போது பிறப்புச் சான்றிதழ் தருவதும் அதுவே என்றால் எப்படி? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. கம்பெனிப் பதிவுக்கும் வரிக் கணக்குக்கும் டெண்டருக்கும் மின்னணுக் கையொப்பம் வாங்குகிறோம். 2000-ம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் அதை வழங்க உரிமம் பெற்ற நிறுவனங்கள் பல. ஒருவர் சரியில்லை என்றால் அடுத்தவரிடம் போகலாம். கட்டணத்தில் போட்டி இருக்கிறது, மேலே ஒரு கட்டுப்பாட்டு அதிகாரி இருக்கிறார். அந்தக் கையொப்பத்தைப் போட்ட செயலியை எந்தக் கைபேசியும் ஏற்க வேண்டும் என்று ஒரு விதி வந்தால் என் அத்தைக்கும் பாதுகாப்பு, எனக்கும் பிழைப்பு. இதை அரசாங்கமே ஒற்றை வாசலாக நடத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது இன்னொரு பூட்டாகிவிடும். பல கைகள் வேண்டும் என்கிறேன்.

இப்போது கட்டணக் கதைக்கு வருகிறேன். அதை உங்களைவிட அறிந்தவர் யாருமில்லை என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 2008 ஜூலையில் ஆப்பிள் 500 செயலிகளோடு கடை திறந்தபோது நூற்றுக்கு முப்பது எனக்கு என்றது. பிறகு வந்தவர்களும் அந்த முப்பதையே பிடித்துக்கொண்டார்கள். சிறியவர்களுக்குப் பதினைந்து என்று இரு நிறுவனங்களும் இறங்கி வந்தது 2021-ல்தான். யார் கொடுக்க வேண்டும், யார் கொடுக்க வேண்டாம் என்ற பிரிப்பே விசித்திரமானது. செயலி வழியாக அரிசி மூட்டை விற்றால் கட்டணமில்லை. அரிசி விலை நிலவரம் சொல்லும் செயலிக்குச் சந்தா வாங்கினால் கட்டணம் உண்டு. ஆட்டோ கூப்பிட்டால் இல்லை, வரன் தேடினால் உண்டு. பெரும்பாலான செயலிகள் தனக்கு எதுவுமே கொடுப்பதில்லை என்று கூகுள் சொல்வது உண்மைதான். கொடுக்க வேண்டியிருப்பவர்கள் யாரென்று பார்த்தால், இந்திய மொழிகளில் பாட்டு, கதை, பாடம், வரன் என்று சந்தா வைத்துப் பிழைக்க முயல்பவர்கள்.

2022 அக்டோபர் 25 ஆணையில் இதைத்தான் பிடித்தீர்கள். 936.44 கோடி ரூபாய் அபராதம். வேறு வழியில் பணம் வாங்க விட வேண்டும் என்ற கட்டளை. கூகுள் கட்டளையை ஏற்றது, ஏற்ற விதத்தைப் பாருங்கள். வேறு வழியில் பணம் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் கமிஷனில் 4 சதவீதம்தான் குறைப்போம் என்றது. பதினைந்து பதினொன்றாகும், முப்பது இருபத்தாறாகும். நூறு ரூபாய்ச் சந்தாவில் பதினொன்றை அங்கே கொடுத்துவிட்டு, பணம் வசூலித்துத் தரும் நிறுவனத்துக்கு இரண்டு ரூபாய் கொடுத்தால், மிச்சமாவது இரண்டு ரூபாய். அந்த இரண்டு ரூபாய்க்கு இரண்டு கணக்கு, இரண்டு வரவுச் சீட்டு, பணம் திரும்பக் கேட்டால் இரண்டு தலைவலி. சாமி வரம் கொடுத்தும் பூசாரி இடம் கொடுக்கவில்லை. இந்த நான்கு சதவீத வித்தை தென் கொரியாவில் 2021-லேயே அரங்கேறியது. அந்த நாடு சட்டம் போட்டதும் அங்கே காட்டிய அதே கணக்கைத்தான் இங்கேயும் காட்டினார்கள். 2025 மார்ச்சில் தீர்ப்பாயம் உங்கள் அபராதத்தையும் 216.69 கோடியாகக் குறைத்துவிட்டது.

யுபிஐ வந்த நாட்டில் இது இன்னும் உறுத்துகிறது. இளநீர்க்காரர் கியூஆர் அட்டையை மாட்டிவைத்து ஒரு பைசா கொடுக்காமல் பணம் வாங்குகிறார். 2020 ஜனவரியிலிருந்து அப்படித்தான். கூகுள் சொல்லும் பதில், இது பணம் வாங்குவதற்கான கட்டணமல்ல, கடைக்கான கட்டணம் என்பது. அந்தப் பதிலை நான் முழுக்க ஒதுக்கமாட்டேன். கடைக்கு வாடகை உண்டு. ஆனால் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட கைபேசிகள் ஒரே தெருவில் இருக்கும்போது, அந்தத் தெருவின் ஒரே கடைக்காரர் சொல்வதை வாடகை என்பதா, சுங்கம் என்பதா? அதைத்தான் உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

2024 மார்ச் 1-ம் தேதியை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். பத்து இந்திய நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் கடையிலிருந்து எடுத்தது. அவற்றில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனியும் இருந்தது. அந்த நிறுவனமும் மற்றவர்களும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஏறி இறங்கி, அங்கே தோற்று, உச்ச நீதிமன்றத்திலும் இடைக்காலத் தடை கிடைக்காமல் நின்ற நேரம் அது. வைகாசி முகூர்த்தத்துக்கு வரன் பார்க்கிற மாதத்தில் வரன் செயலி காணாமல் போனால் எத்தனை வீட்டில் பதறியிருப்பார்கள்! அமைச்சர் அசுவினி வைஷ்ணவ் தலையிட்டார், சில நாட்களில் செயலிகள் திரும்பின. அந்த மாதமே நீங்களும் புதிய விசாரணைக்கு உத்தரவிட்டீர்கள். நல்லது. ஆனால் அந்த வாரத்தை எங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். பெரிய நிறுவனம், பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம், அமைச்சரைத் தொலைபேசியில் பிடிக்க முடிந்தது. குமாரபாளையத்துக்காரன் யாரைப் பிடிப்பது? செயலி போனால் எங்களுக்கு வருவது ஒரு தானியங்கி மின்னஞ்சல். அதில் கையொப்பம் இருக்காது, பதில் எழுத முகவரி இருக்காது.

வெளிநாடுகளில் இந்தச் சுவர் விரிசல் விட்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தால் 2024 மார்ச்சிலிருந்து ஐபோனில்கூட வேறு கடை வைக்கலாம். உடனே ஆப்பிள், பத்து லட்சத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு நிறுவலுக்கும் அரை யூரோ என்று ஒரு புதுச் சுங்கம் கண்டுபிடித்தது. அமெரிக்காவில் எபிக் என்ற விளையாட்டுச் செயலி நிறுவனம் தொடுத்த வழக்கில், 2023 டிசம்பரில் நடுவர் குழு கூகுளின் கடை சட்டவிரோத ஏகபோகம் என்றது. ஆப்பிளோ நீதிமன்ற ஆணையை வேண்டுமென்றே மீறியது என்று 2025 ஏப்ரலில் நீதிபதி கண்டித்தார். ஜப்பானின் தனிச் சட்டம் 2025 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டின் எண்ணியல் போட்டி மசோதா 2024 மார்ச்சில் வரைவாக வெளிவந்தது, இன்னும் சட்டமாகவில்லை. அது வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த நாடுகளையெல்லாம் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டேன். கட்டணம் குறையும் இடத்தில் காசு வேறு வாசலுக்கு நகர்கிறது. நீங்கள் ஒரு சுங்கச்சாவடிக்கு எதிராக ஆணை எழுதி, அது தீர்ப்பாயம் தாண்டி உச்ச நீதிமன்றம் போய்ச் சேர்வதற்குள், சாவடி நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது.

அது எங்கே போகிறது என்று சந்தையில் நிற்பவனுக்குக் கொஞ்சம் தெரிகிறது, சொல்கிறேன்.

கடை சுருங்கியிருக்கிறது. ஆப்ஃபிகர்ஸ் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2024 தொடக்கத்தில் பிளே ஸ்டோரில் இருந்த செயலிகள் சுமார் 34 லட்சம். ஓராண்டு சொச்சத்தில் அது 18 லட்சமாகிவிட்டது. குப்பையைக் கூட்டினார்கள் என்பது பாதி உண்மை. டார்ச் லைட் செயலியும், சாமி பட வால்பேப்பர் செயலியும் போனதில் எனக்கும் வருத்தமில்லை. ஆனால் அதே நேரத்தில் செயலி எழுதுவது முன்னெப்போதையும்விட எளிதாகியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் தமிழிலேயே சொல்லி, முன்பு மாதக்கணக்கில் முட்டிமோதிய வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கிறேன். எழுதுவது எளிதாகிக்கொண்டே போகிறது, கொண்டுபோய்ச் சேர்ப்பது கடினமாகிக்கொண்டே போகிறது. பாவு தோய்க்கும் வேலை இயந்திரத்துக்குப் போன பிறகு சந்தைக்குக் கொண்டுபோகிற வியாபாரி கையில் விலை சிக்கிக்கொண்டதே, அந்தக் கதைதான் இங்கேயும்.

எங்கள் கூட்டத்தின் அழுக்கையும் சொல்லிவிடுகிறேன். சந்தா என்ற பெயரில் நடப்பதில் பாதி எனக்கே பிடிக்கவில்லை. ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் என்று காட்டி, யுபிஐ ஆட்டோபேயில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எட்டாம் நாள் நூற்றுத் தொண்ணூற்றொன்பதை எடுக்கிற வழக்கம் வேரூன்றிவிட்டது. நிறுத்தும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். 2023 நவம்பரில் இப்படிப்பட்ட 13 வகைத் தந்திரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதைப் படித்தபோது எனக்குத் தெரிந்த செயலிகளின் வரிசையே கண்முன் வந்தது. எங்களுக்குச் சுதந்திரம் கேட்கிற நான், இதற்கும் சேர்த்துத்தான் பிரம்பு கேட்கிறேன்.

நல்ல திசையில் ஒரு மாற்றமும் நடந்திருக்கிறது, அது கடைக்காரர்களால் வந்ததல்ல. பெங்களூரு ஆட்டோ ஓட்டுநர்கள் கமிஷன் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போன நேரத்தில் 2022 நவம்பரில் நம்ம யாத்ரி என்ற ஆட்டோ அழைக்கும் செயலி வந்தது. ஒவ்வொரு சவாரியிலும் பங்கு கேட்கவில்லை, 2023-ல்தான் நாளுக்கு இருபத்தைந்து ரூபாய் போதும் என்றது. பிறகு சென்னைக்கும் வந்தது. போட்டி வலுத்ததும் ஊபர் உட்படப் பெரியவர்களும் ஆட்டோவுக்குக் கமிஷனை விட்டுச் சந்தாவுக்கு மாறினார்கள். எந்த ஆணையமும் கட்டளையிடவில்லை. இன்னொரு வாசல் திறந்ததும் பழைய வாசலின் விலை இறங்கியது, அவ்வளவுதான். செயலிக் கடைகளுக்கு ஏன் இது நடக்கவில்லை? போன்பே நிறுவனம் 2024 பிப்ரவரியில் இண்டஸ் ஆப்ஸ்டோர் தொடங்கியது. தமிழ் உட்பட 12 இந்திய மொழிகள், வேறு வழியில் பணம் வாங்கினால் கமிஷன் இல்லை. ஆனால் அது பிளே ஸ்டோரில் கிடைக்காது. கைபேசிக் கம்பெனி முன்பே போட்டுத் தந்திருந்தால் உண்டு. இல்லையென்றால் இணையதளத்துக்குப் போய், அதே சிவப்பு எச்சரிக்கைகளைத் தாண்டி, ஏபிகேயாக இறக்க வேண்டும். புதுக் கடைக்கு வழி கேட்டால் பழைய கடைக்காரர் "அந்தத் தெருவில் பேய் இருக்கிறது" என்கிறார். வேறு கடைகளுக்குப் பிளே ஸ்டோரில் இடம் தர வேண்டும் என்ற உங்கள் நீக்கப்பட்ட கட்டளைதான் இதற்கான மருந்து. (போன்பேயின் பெரும்பங்கு அமெரிக்க வால்மார்ட்டிடம் இருப்பது தனிக் கதை. வாசலில் மாவிலை கட்டியதாலேயே வீடு நம்முடையதாகிவிடாது.)

அடுத்த சாவடி கைபேசித் திரையிலேயே இருக்காது. 2025-ல் ஏர்டெல்காரர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டி இலவசம், ஜியோக்காரர்களுக்கு ஜெமினி இலவசம், இந்தியாவுக்கே சாட்ஜிபிடி கோ ஓராண்டு இலவசம் என்று செயற்கை நுண்ணறிவு உதவியாட்கள் வரிசையாக வந்தன. இலவச வேட்டி சேலை பார்த்த ஊருக்கு இலவசத்தின் பின்னால் என்ன வரும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. அக்டோபரில் சாட்ஜிபிடிக்குள்ளேயே மற்றவர்களின் செயலிகள் இயங்கத் தொடங்கின. அதே மாதம் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகமும் ரேசர்பேயும் சேர்ந்து, அந்த உரையாடலிலிருந்தே யுபிஐயில் பணம் செலுத்தும் சோதனையை ஆரம்பித்தன. இனி ஒருவர் "வீட்டுக்கு மளிகை போடு" என்பார், உதவியாள் ஒரு கடையைத் தேர்ந்தெடுக்கும். "தறிக் கணக்குப் பார்க்க ஏதாவது இருக்கிறதா" என்பார், ஒன்றைக் காட்டும். கடையில் தேடினாலாவது முப்பதாவது இடத்தில் என் பெயர் இருக்கும், விரலால் தள்ளிக்கொண்டே போனால் கண்ணில் படும். உதவியாள் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்லும். அந்தப் பெயர் எப்படி வந்தது, யார் காசு கொடுத்தார்கள், உதவியாளை நடத்துகிற நிறுவனத்தின் சொந்தச் சரக்கா என்று கேட்பவருக்குத் தெரியாது. நூறு ரூபாயில் முப்பதைக் கேட்ட காலத்தில் எவ்வளவு போகிறது என்றாவது தெரிந்தது.

2025 அக்டோபரில் செயற்கை நுண்ணறிவும் போட்டியும் பற்றிச் சந்தை ஆய்வு ஒன்றை வெளியிட்டீர்கள். ஆகவே கண்ணை மூடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அபராதமெல்லாம் காயம்பட்ட பிறகு போடும் கட்டு. 2018-ல் வந்த புகாருக்கு 2022-ல் ஆணை, 2023-ல் தீர்ப்பாயம், அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றம் என்று போகிற வண்டியில் அடுத்த சாவடியைப் பிடிக்க முடியாது. 2027-ல் பதிவு விதி இந்தியாவுக்கு வருமுன், இந்த ஆண்டே, அது யாருக்கு என்ன செய்யும் என்று தானாக முன்வந்து விசாரிக்க உங்களுக்குச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. பரிந்துரைக்கும் பெயருக்குக் காசு வாங்கினால் அதை அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும் என்ற ஒரு வரி விதியை, உதவியாட்கள் வேர் பிடிக்கும் முன் கேட்கலாம். வேர் பிடித்த பிறகு வெட்டினால் எங்கள் தலையில்தான் கிளை விழும்.

கடைசியாக, சென்னையில் உங்களுக்குத் தென் மண்டல அலுவலகம் இருக்கிறது. அங்கிருந்து ஒரே ஒரு நாள் கோயம்புத்தூருக்கோ ஈரோட்டுக்கோ வாருங்கள். கூட்டத்தைத் தமிழில் நடத்துங்கள். நாட்காட்டிச் செயலி எழுதுபவர், பால் சங்கக் கணக்கு எழுதுபவர், பள்ளி வேன் எங்கே வருகிறது என்று காட்டுபவர், கோயில் திருவிழா நன்கொடைச் சீட்டு போடுபவர் என்று ஐம்பது பேரை நான் கூட்டி வருகிறேன். இவர்களில் பலர் உங்களுக்கு ஆங்கிலத்தில் புகார் எழுதத் தெரியாமல் இல்லை, எழுதினால் கணக்கு முடங்கிவிடுமோ என்ற பயத்தில் இருக்கிறார்கள். பெரிய நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் சொல்லாத விஷயங்கள் இவர்களிடம் இருக்கின்றன. டீயும் தேங்காய் பன்னும் எங்கள் செலவு.

இதை எழுதி முடிக்கும்போது வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை. இந்த வாரம் மீட்டருக்கு ஐந்து பைசா கூலி ஏறியிருக்கிறது. நாளை சம்பளம் எண்ணுவதற்குள் புதிய ஏபிகேயை நூற்று நாற்பது பேருக்கும் அனுப்பியாக வேண்டும். அதிலும் ஏழு பேருக்கு நேரில் போய் நானே ஏற்றிக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தறிக் கணக்கு எழுதும் ஒருவன்,
குமாரபாளையம்.